எங்கள் குடும்பப் பெயருக்கு வயது 140தான்: தேடித் தொலைத்த மூன்றரை ஆண்டுகள்

2019 பிப்ரவரியில் அப்பா காலமானபோது எங்களுக்கு விட்டுச் சென்றவை புதுச்சேரியில் ஒரு பழைய வீடு, தன் கைப்பட எழுதிய ஓர் உயில், மூன்று பிள்ளைகளின் பெயர்களோடும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுச் சொல், இவ்வளவுதான். வீடு முழுவதும் அண்ணனுக்கு என்று உயில் சொன்னது. எனக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனால் சண்டை போடும் எண்ணம் இல்லை. பத்திரம் எழுத வழக்கறிஞரிடம் போனோம். அவர் உயிலைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது இதைத்தான்: “அப்பா வழியில நீங்க ரெனோன்சானா, இல்லையா? அது தெரியாம நான் ஒரு வரிகூட எழுத முடியாது.” நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புதுச்சேரியில் பிறந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருப்பார்கள். அது எங்களைக் குறிக்குமா என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. தடயம் என்று எங்களிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றே.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வழியில் அதைத் தாங்கி இன்று உயிரோடிருப்பவர்கள் மிகச் சிலர். பெயரை எழுதிவிட்டால் அத்தனை பேரின் வீட்டுக் கதவையும் திறந்து காட்டியதாகிவிடும். பிரெஞ்சு மொழியில் அது கட்டட வேலைக்குரிய ஒரு கருவியின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கதைக்கு அது போதும்.

ரெனோன்சான் என்றால் துறந்தவர் என்று பொருள். பிரெஞ்சிந்தியாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தத்தம் வழக்காற்றுச் சட்டத்தின்படியே நடந்துவந்தனர். 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணை ஒன்று, விரும்பிய இந்தியர் அந்தத் தனிநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று வழி திறந்தது. துறந்தால் திரும்ப முடியாது. துறப்பவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரை அந்தப் பத்திரத்திலேயே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 1873-இல் ஐரோப்பியர் பாணிச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டுப் பாரீஸ் வரை முறையிட்டு வென்றவர். அவர் சூட்டிக்கொண்ட குடும்பப் பெயர் ‘லா போர்த்’, அதாவது ‘கதவு’. இப்படிப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒரு தலைமுறைக்குள் புத்தம்புதுக் குடும்பப் பெயர்கள் பிறந்தன. சிலர் புனிதர்களின் பெயரை எடுத்தார்கள், சிலர் அகராதிச் சொல்லை எடுத்தார்கள், சிலர் தந்தையின் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் குடும்பப் பெயராக்கினார்கள். ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுரிமைக்கு இன்றும் அந்தச் சிவில் சட்டமே செல்லும். அதன்படி மூன்று பிள்ளைகள் உள்ள தந்தை உயிலால் தன் விருப்பப்படி தரக்கூடியது நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மற்றது மகன் மகள் வேறுபாடின்றிச் சமமாகப் பிரியும். வழக்கறிஞரின் கேள்விக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

இதையெல்லாம் இன்றைக்கு ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இதில் கால்வாசிகூடத் தெரியாது. தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவன் ஒருவன் இங்கே வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தான், அவன் வழியில் வந்தவர்கள்தாம் நாம், அதனால்தான் நம் பெயர் ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்கிறது என்று அத்தை சொல்லிச் சொல்லி வளர்த்தார். தாத்தாவின் நிறத்தைப் பார், மூக்கைப் பார் என்று சான்றும் காட்டுவார். ஐம்பத்து மூன்று வயதில், வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒருத்தி, அந்தக் கதையை ஒருமுறைகூடச் சந்தேகிக்காமல் தேட உட்கார்ந்தேன். ஆகவே நான் தேடத் தொடங்கிய இடம் புதுச்சேரி அன்று, பிரான்ஸ். மூன்றரை ஆண்டுகள் தொலைந்ததற்கு அந்த ஒரு தவறே காரணம்.

முதலில் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. குடும்பப் பெயரைத் தட்டினால் அதன் வரலாறும் குலச்சின்னமும் தருவதாகச் சொன்னது. ரூ.3,900 கட்டினேன். பதினொரு பக்க அறிக்கை வந்தது: அந்தப் பெயர் இடைக்கால நார்மண்டியில் கல்தச்சர்களுக்கு வழங்கிய தொழிற்பெயர் என்று தொடங்கி, போர்கள், பிரபுக்கள், ஒரு கேடயத்தின் படம் என்று போயிற்று. மயங்கிப்போன நான் அந்தக் கேடயத்தைச் சட்டமிட்டு அனுப்பச் சொல்லி மேலும் ரூ.6,800 கொடுத்தேன். அது இப்போதும் பரணில் கிடக்கிறது. குலச்சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வழியினருக்கும் உரியது, ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவானது அன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஒரு பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்கள் பாட்டன் பெயரைக்கூடக் கேட்காமல் உங்கள் குடும்ப வரலாற்றைத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். அவர் தருவது சொல்லின் வரலாறு. சொல்லும் குடும்பமும் வேறு வேறு.

அடுத்தது மரபணுச் சோதனை. ரூ.13,500. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பிவிட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். தென்னிந்தியா என்று வந்தது. ஐரோப்பா துளியும் இல்லை. அன்று இரவு எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம் மட்டும் அன்று; அதற்குள் ஓர் அவமானமும் இருந்தது. அந்தக் கப்பற்படைத் தலைவன் என்னுள் எங்கோ இருக்கிறான் என்று இத்தனை ஆண்டுகளும் உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்பதையே அன்றுதான் ஒப்புக்கொண்டேன். மரபணுச் சோதனையால் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்பதையும், பல தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு மூதாதையின் சுவடு அதில் தென்படாமலேயே போகலாம் என்பதையும் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும். அத்தை இதை ஏற்கவில்லை. “மெஷினுக்கு என்னடி தெரியும்” என்று முடித்துக்கொண்டார்.

பிறகு பெயர்ப் பரவலைக் காட்டும் வரைபடங்களில் விழுந்தேன். பிரான்ஸின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் பிறந்தவர்களின் குடும்பப் பெயர்களை மாவட்ட வாரியாக எண்ணி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை வரைபடமாக்கித் தரும் தளங்கள் பல. எங்கள் பெயரைத் தட்டியதும் நார்மண்டியில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பார்த்தாயா, அறிக்கை சொன்னதே சரி என்று தோன்றியது. அந்த வரைபடம் எதைக் காட்டவில்லை என்று யோசிக்கத் தெரியவில்லை. அது பிரான்ஸில் பிறந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. புதுச்சேரியில் பிறந்த என் தாத்தாவும் அவர் தம்பி தங்கைகளும் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். மிகச் சிலரே தாங்கிய பெயர்களை அந்தக் கோப்பு தனியாகக் காட்டுவதும் இல்லை. ஆகவே அரிய பெயர் ஒன்று வரைபடத்தில் அடர்ந்து தெரியும் இடத்தை அதன் பிறப்பிடம் என்று கொள்வது, தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் சாவியைத் தேடுவதுதான். நார்மண்டியில் இருப்பது வேறொரு குடும்பம். அவர்கள் பெயரும் ஒரு கருவியிலிருந்து வந்தது, எங்கள் பெயரும் அதே கருவியிலிருந்து வந்தது. உறவு அவ்வளவே. அந்தப் பக்கத்து மனிதர் ஒருவருக்கு நான் உணர்ச்சி பொங்க ஒரு கடிதம் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பண்பாகப் பதில் எழுதினார். தங்கள் குடும்பத்தில் யாரும் கடலைத் தாண்டியதே இல்லை என்று.

இதற்குள் 2021 பிறந்துவிட்டது. ஊரடங்கில் அலுவலகங்கள் பாதி நாள் மூடிக்கிடந்தன. அப்போதுதான் ஓர் இடைத்தரகர் அறிமுகமானார். பிரெஞ்சுக் காலத்துப் பதிவுகள் எடுத்துத் தருவதே தன் வேலை என்றார். மூன்று தவணைகளில் ரூ.40,000 வாங்கிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து, கடற்கரையிலிருந்த பழைய மேரி (பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகம்) கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்ததல்லவா, உங்கள் குடும்பத்துப் பதிவேடு அதோடு மண்ணாகிவிட்டது என்று கையை விரித்தார். கட்டடம் இடிந்தது ஊரறிந்த உண்மை; அதனால் பொய்யும் உண்மை போலவே ஒலித்தது. நான் அழுதுவிட்டேன். பணத்துக்காகக்கூட இல்லை, இனி கிடைக்கவே கிடைக்காது என்ற எண்ணத்துக்காக.

எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு செய்தி. 1776 ஜூனில் வெர்சாயில் பிறப்பிக்கப்பட்ட அரசாணைப்படி, பிரெஞ்சுக் குடியேற்றங்களில் பதிவாகும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் ஒரு படி பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டாக வேண்டும். கப்பல் மூழ்கலாம், கரையான் அரிக்கலாம், சூறாவளி அடிக்கலாம் என்று எண்ணியே அந்த ஏற்பாடு. ஊரில் உள்ள படி போனாலும் அங்கே ஒன்று இருக்கும். அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று ஊர் ஊராகப் பிரித்து, ஆண்டைச் சொடுக்கினால் பக்கம் திறக்கிறது. அண்மைக் காலப் பதிவுகள் நாந்த் நகரிலுள்ள மையக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் உள்ளன. அங்கிருந்து நகல் பெறக் கட்டணமே கிடையாது. தாத்தாவின் திருமணப் பதிவை நான் அப்படித்தான் பெற்றேன். இடைத்தரகர் நாற்பதாயிரம் கேட்ட வேலைக்கு எனக்கு ஆன செலவு பூஜ்யம். யாராவது உங்களிடம் பதிவேடு அழிந்துவிட்டது என்று சொன்னால், எந்தப் படி அழிந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

காப்பகத்தின் பக்கங்கள் திறந்த பிறகும் நான் மூன்று வாரம் வீணாக்கினேன். அதற்கு நானே பொறுப்பு. அத்தையின் டிரங்குப் பெட்டியில், கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவிலிருந்து எடுத்த ஒரு பழைய நகல் இருந்தது. நான்காக மடித்து மடித்து மடிப்புக் கோடுகளில் எழுத்தே உதிர்ந்துவிட்ட தாள். பிரெஞ்சுப் பதிவுகளில் ஆண்டை எண்ணால் எழுத மாட்டார்கள், சொல்லால் எழுதுவார்கள். ‘மில் ஊய் சான்’ என்று ஆயிரத்து எண்ணூறு தெளிவாக இருந்தது. அதற்குப் பின் மடிப்பு. மடிப்புக்கு அப்பால் ‘வான் சிஸ்’. இருபத்தாறு. ஆக 1826 என்று குறித்துக்கொண்டு அந்த ஆண்டின் பதிவேட்டை வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டுகள் புரட்டினேன். கடைசியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு தோழி அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடிப்புக்குள் ‘கத்ர்’ என்ற சொல்லின் வால் தெரிகிறதே என்றாள். பிரெஞ்சில் எண்பது என்பதற்குத் தனிச்சொல் இல்லை, ‘நான்கு இருபது’ என்பார்கள். நான்கு இருபதும் ஆறும் சேர்ந்து எண்பத்தாறு. 1886. ஒரு மடிப்பு என்னை அறுபது ஆண்டுகள் பின்னால் தள்ளியிருந்தது. யோசித்துப் பார்த்தால், 1934-இல் பிறந்த அப்பாவின் தாத்தா 1826-இல் மணம் செய்திருக்க முடியுமா என்ற எளிய கணக்கைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆவணம் கிடைத்த பரபரப்பில் மூளை நின்றுவிடுகிறது. தேதி கிடைத்ததும் அதில் உள்ளவர்களின் வயதை ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே அடுத்த பக்கத்தைத் திறங்கள்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்ததைத் தம் மொழி வழக்கப்படி எழுதினார். நம் உகரத்துக்கு அவர் ‘ஓ’ (o), ‘யூ’ (u) ஆகிய இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார். ‘முருகன்’ என்று ஆங்கிலத்தில் எழுதும் முறையில் தேடினால் அகப்படவே மாட்டான். கடைசி னகரம் மூக்கொலியாகத் தேய்ந்துவிடக் கூடாதே என்று ஒரு ‘இ’ (e) எழுத்தை வாலாக ஒட்டுவார். ஜகரத்துக்கு முன் ‘டி’ (d) வரும். நம் ழகரம் அவர் கையில் ஜகரமாகிவிடும். புதுச்சேரியில் பழனி ‘பஜனி’ ஆனதும், தமிழ்ச்செல்வன் ‘தமிஜ்செல்வன்’ ஆனதும் இப்படித்தான். பிள்ளை ‘பூல்லே’ ஆகிவிடுவார். இதற்கு மேல் அதே பெயர் பின்னாளில் ஆங்கில வழியில் பள்ளிச் சான்றிதழுக்கும் குடும்ப அட்டைக்கும் மாறும்போது இன்னொரு வடிவம் எடுக்கும். எங்கள் பெயரே அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு விதமாகவும், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்துத் தலைப்பெழுத்தாகவும், தம்பியின் ஆதாரில் தந்தை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. தேடத் தொடங்கும் முன் வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் பரப்பி, பெயர் எத்தனை வடிவங்களில் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். நான் ஏழு வடிவங்கள் எண்ணினேன். இன்னொன்று: 1881-க்கு முந்தைய பதிவுகளில் குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை. அப்போது அது பிறக்கவே இல்லை. இன்னார் மகன் இன்னார் என்றுதான் இருக்கும். ஆகவே ஆளின் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேட வேண்டும்.

1886-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு ஒரு மாலைப்பொழுதில் கிடைத்தது. மணமகன் பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் ஒரு சொற்றொடர்: 1883-இல் பதிவான பத்திரத்தின்படி தனிநிலையைத் துறந்தவர். வழக்கறிஞரின் கேள்விக்கு விடை அந்த ஒரு வரி. நான்கு நாட்களில் 1883-ஆம் ஆண்டுத் துறப்புப் பத்திரத்தையும் கண்டெடுத்தேன். ஒரு பக்கம்கூட வராது. வயது 22. தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருக்கும் இடம். தொழில் என்ற இடத்தில் ‘மாசோன்’ என்று இருந்தது. கொத்தனார். என் கொள்ளுத்தாத்தா கொத்தனார். தனக்கும் தன் வழியினருக்கும் அவர் கேட்டு வாங்கிய பெயர், அவர் நாள்தோறும் கையில் பிடித்திருந்த கருவியின் பெயர். ஏன் அதைத் தேர்ந்தார் என்று பத்திரம் சொல்லவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் கப்பற்படைத் தலைவனைவிட இந்த ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்தின் அடியில் எழுத்தரின் சுழித்த கையொப்பங்களுக்கு நடுவே தமிழில் ஒரு கையொப்பம் இருந்தது. புள்ளி வைக்காத பழைய எழுத்து. ணகரத்தின் ஐகாரம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்திருந்தது. புதிதாகப் பெற்ற பிரெஞ்சுப் பெயரை அவர் எழுதவில்லை. பிறந்தபோது வைத்த பெயரையே எழுதியிருந்தார். திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் மைத்துகள்களாகச் சிதறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய 1861-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவையும் தேடி எடுத்தேன். அதில் பெற்றோரின் சாதி குறிக்கப்பட்டிருந்தது. 1883-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அது இல்லை. அந்தச் சொல்லை இங்கே எழுதவில்லை. அவர்கள் ஊரின் எந்தப் பக்கத்தில் குடியிருக்க விடப்பட்டார்கள் என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். துறப்பு இயக்கத்தில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏன் இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று புத்தகத்தில் படிப்பது ஒன்று, சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னொன்று. சட்டம் மாறியதால் ஊர் மாறிவிடவில்லை. மரபுவழி இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் போன்றோர் துறப்பைக் கடுமையாக எதிர்த்தனர். 1884-இல் வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், துறந்தவர், துறவாதவர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் கப்பற்படைத் தலைவன் எங்கிருந்து முளைத்தான் என்பதும் அப்போது புரிந்தது. யாரோ ஒரு தலைமுறையில், பெயர் ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது, சொல்ல மனமில்லாமல் கட்டிய கதை அது. அதற்காக யார்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அண்ணன் அந்தப் பிறப்புப் பதிவை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டாம் என்றார். தேவையும் இல்லை, காட்டவும் இல்லை. ஆனாலும் அன்று இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. குடும்பப் பெயரைத் தேடிக் கிளம்புகிறவர்கள், கிடைப்பதை வீட்டார் எல்லோரும் விரும்ப மாட்டார்கள் என்பதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்.

தற்செயலாகக் கிடைத்த இன்னொன்று இதைவிடப் பயனுள்ளது. கொள்ளுத்தாத்தாவின் பத்திரம் முடிந்ததும் பக்கத்தை மூடப்போனவள், கண் அடுத்த பதிவில் பட்டதால் நின்றேன். அதே தகப்பன், அதே தாய், அதே குடியிருப்பு. வயது மட்டும் 26. அவருடைய அண்ணன். அதே நாளில் துறந்திருக்கிறார். ஆனால் அவர் தேர்ந்த குடும்பப் பெயர் வேறு. தகப்பனாரின் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார். வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியே தேர்ந்ததால், ஒரே வயிற்றில் பிறந்த இருவர் ஒரே காலையில் இரண்டு குடும்பங்களாகிவிட்டார்கள். எங்கள் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பாதி உறவை நான் சந்தித்திருக்கவே மாட்டேன். பதிவு ஒன்று கிடைத்தால் அதற்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் படிக்காமல் விடாதீர்கள். சாட்சிகளின் பெயர்களையும் எழுதி வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் மாமனோ மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரரோதான்.

இரண்டு பெயர்களும் எங்கெங்கே போயின என்று பார்ப்பதற்கு வரைபடங்களைவிட உதவியது இன்சே நிறுவனம் 2019 முதல் வெளியிட்டுவரும் இறப்புக் கோப்பு. 1970 முதல் இறந்தவர்களின் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், இறந்த இடம் எல்லாம் அதில் உண்டு. பிறந்த ஊர் இருப்பதுதான் அதன் அருமை. எங்கள் பெயருடையோரில் நார்மண்டிக்காரர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, ஒன்பது பேர் புதுச்சேரியிலும் இருவர் சைகோனிலும் பிறந்தவர்கள். சைகோனா என்று வியந்தேன், வியக்க ஒன்றுமில்லை. வியட்நாமின் தென்பகுதியான கொச்சின்சீனா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு எழுத்தராகவும் காவலராகவும் சிறைக் காவலராகவும் புதுச்சேரித் தமிழர் அங்கே சென்றனர்; குறிப்பாக ரெனோன்சான்களுக்கு அங்கே உத்தியோகத்தில் ஒரு மதிப்பு இருந்தது. இந்தோசீனப் போருக்குப் பின் அங்கிருந்து அப்படியே பிரான்ஸுக்குப் பெயர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் இறந்த ஊர்கள் பாரீஸைச் சுற்றியும் தெற்கே படைமுகாம்கள் இருந்த துறைமுகப் பகுதியிலும் இருந்தன. சைகோனின் பழைய பதிவேடுகளும் அதே காப்பகத்தில் உள்ளன.

கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வழிப் பெயரைத் தேடியபோது மறுபடியும் ஏமாந்தேன். பிரான்ஸின் கடல்கடந்த தீவுகளான ரெயூனியனிலும் குவாதலூப்பிலும் அந்தப் பெயரில் ஏராளமானோர் இருந்தார்கள். ஒரே மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கதை வேறு. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழியினர் அவர்கள். குவாதலூப்புக்கு முதல் கப்பலான ‘ஒரேலி’ 1854 டிசம்பர் 24 அன்று சேர்ந்தது. துறப்பு ஆணைக்கு வெகுமுன்பே போனவர்கள். அங்கே தகப்பனின் பெயர் அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அதனால்தான் முத்துசாமியும் ராமசாமியும் அங்கே குடும்பப் பெயர்கள். நம் ஊரில் பல்லாயிரம் பேருக்கு இருக்கும் ஒரு பெயர், எத்தனையோ தகப்பன்களிடமிருந்து எத்தனையோ முறை பிறந்திருக்கும். அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. எங்கள் பெயர் அரியது என்பதால் தேடல் எளிதாயிற்று. அண்ணன் வழியில் ஊர், ஆண்டு, தாய் பெயர் மூன்றும் பொருந்திய பிறகே ஒரு குடும்பத்துக்குக் கடிதம் எழுதத் துணிந்தேன். அந்த அம்மாள் பாரீஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார், வயது 81. தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, அவர்கள் வீட்டிலும் ஒரு கப்பற்படைத் தலைவன் உண்டா என்று நான் கேட்க நினைத்த கேள்வியைத்தான்: “உங்க வீட்லயும் அந்தக் கேப்டன் கதை சொல்லுவாங்களா, கண்ணு?”

செலவைக் கூட்டினால் அறிக்கை, கேடயம், மரபணு, இடைத்தரகர், நார்மண்டிக் குடும்பத்தின் ஆவணங்களுக்குப் போய்க் கொடுத்த மொழிபெயர்ப்புக் கூலி ரூ.4,500 என எல்லாம் சேர்ந்து ரூ.68,700. விடையைத் தந்த மூன்று தாள்களுக்கு ஆன செலவு, நீதிமன்றம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த ரூ.2,400 மட்டும். உயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது என்று ஆனதும் அண்ணன் முகம் சுருங்கியது. ஆனாலும் பிறகு அவரே எங்கள் இருவர் பங்குக்கும் ஒரு தொகை தந்து வீட்டை வைத்துக்கொண்டார். துறப்பு வேறு, பிரெஞ்சுக் குடியுரிமை வேறு என்பதை அவருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்த பிறகு ஆறு மாதத்துக்குள் குடியுரிமையை விருப்பம் தெரிவித்து வைத்துக்கொண்டவர்கள் வேறு பட்டியல். தாத்தா அதில் இல்லை.

2023 ஆகஸ்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வரைவை வழக்கறிஞர் படித்தார், அண்ணன் படித்தார், தம்பி படித்தான். நான் கண்ணாடி எடுத்துவர மறந்ததால் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து விரித்தபோது, தட்டச்சு செய்தவர் எங்கள் மூவரின் குடும்பப் பெயரையும் வெட்டி, வழக்கம்போல முன்னால் ஒற்றைத் தலைப்பெழுத்தாகப் போட்டிருந்தார். பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அடுத்த வாரம் தேதி வாங்கியிருக்கிறோம். இந்த முறை கண்ணாடியை இன்றே பைக்குள் வைத்துவிட்டேன்.